வாழைப்பழமா, கட்டியா? சிறுநீரில் 5-எச்.ஐ.ஏ.ஏ. அளக்கப் புதிதாக வருபவர்களுக்கு

வாழைப்பழத்திலிருந்து வந்த செரோடோனினும் சிறுகுடல் கட்டியிலிருந்து வந்த செரோடோனினும் சிறுநீரில் ஒரே பொருளாகத்தான் வெளியேறுகின்றன. அந்தப் பொருள்தான் 5-ஹைட்ராக்ஸி இண்டோல் அசிட்டிக் அமிலம், சுருக்கமாக 5-எச்.ஐ.ஏ.ஏ. மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அதை மிகத் துல்லியமாக அளந்து சொல்லும். எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது நோயாளியிடம் பேசுபவரும், 24 மணி நேரச் சிறுநீர் சேகரித்த கேனைக் கையில் வாங்குபவரும், ரிப்போர்ட்டில் கையெழுத்திடுபவரும்தான். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்து இந்தச் சோதனையைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் நேராக இயந்திரத்தின் முன் போய் உட்கார ஆசைப்படுவார்கள். அந்த ஆசை இயல்பானது. ஆனாலும் கேனிலிருந்து தொடங்குங்கள்.

சோதனையின் பின்னணி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். உணவில் வரும் டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் செரோடோனினாக மாறுகிறது. அந்தச் செரோடோனினை மோனோஅமைன் ஆக்சிடேஸ், ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் என்ற இரண்டு நொதிகள் அடுத்தடுத்து மாற்றி 5-எச்.ஐ.ஏ.ஏ. ஆக்குகின்றன. உடலின் செரோடோனினில் பெரும்பகுதி உருவாகும் இடம் மூளை அல்ல, குடல். அதனால்தான் குடலின் நாளமில்லாச் சுரப்பிச் செல்களில் தோன்றும் கட்டிகளைக் கண்டறியவும், சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்கவும் இந்தச் சோதனை பயன்படுகிறது. 1907-இல் ஜெர்மானிய நோயியல் மருத்துவர் சீக்ஃப்ரீட் ஓபர்ன்டோர்ஃபர் இந்தக் கட்டிகளுக்குக் கார்சினாய்டு என்று பெயரிட்டார். கட்டி கல்லீரலுக்குப் பரவிய பிறகு முகம் திடீரெனச் சிவந்து சூடாவது, தீராத வயிற்றுப்போக்கு, மூச்சு இழுப்பு, இதயத்தின் வலப்பக்க வால்வுகள் தடித்துப்போவது எல்லாம் தொடங்குகின்றன. அந்த நிலையில் டிரிப்டோஃபனில் பாதிக்கும் மேல் செரோடோனின் தயாரிப்புக்கே போய்விடலாம். நியாசின் வைட்டமினுக்கு டிரிப்டோஃபன் மிஞ்சாமல் போய்ச் சிலருக்குப் பெலக்ரா நோய்கூட வருகிறது. ஆரோக்கியமானவர் 24 மணி நேரத்தில் வெளியேற்றுவது 2 முதல் 8 மி.கி. வரைதான். பரவிய கட்டி உள்ளவரிடம் அது நூறைத் தாண்டலாம்.

நோயாளியிடம் என்ன சொல்ல வேண்டும்

சோதனை சரியாக வருவதும் கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

சிறுநீர் சேகரிக்கத் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பிருந்து, சேகரித்து முடியும்வரை, செரோடோனின் மிகுந்த உணவைத் தவிர்க்கச் சொல்லுங்கள். வாழைப்பழம், அன்னாசி, கிவி, பிளம்ஸ், தக்காளி, கத்தரிக்காய், வெண்ணெய்ப்பழம், அக்ரூட் பருப்பு ஆகியவை வழக்கமான பட்டியலில் இருக்கும். அச்சடித்த அறிவுரைத் தாள்கள் பலவும் மேலைநாட்டுத் தட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் அதை அப்படியே கொடுத்தால் போதாது. "தக்காளி வேண்டாம்" என்று சொன்னால் தக்காளிப் பழத்தை மட்டும் நினைத்துக்கொண்டு ரசமும் சாம்பாரும் தக்காளிச் சட்னியும் வழக்கம்போல் சாப்பிடுவார்கள். வாழைப்பழத்தை விட்டவர் வாழைக்காய்ப் பொரியலையும் சிப்ஸையும் விட்டிருக்க மாட்டார். வாழைக்காய் வகைகளில் செரோடோனின் பழத்தில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கக்கூடும். எனவே உணவின் பெயரைச் சொல்லுங்கள்: தக்காளி போடாத மிளகு ரசம் சாப்பிடலாம், மோர்க் குழம்பு சாப்பிடலாம், தயிர் சாதம் சாப்பிடலாம். எதைச் சாப்பிடக் கூடாது என்பதோடு எதைச் சாப்பிடலாம் என்றும் சொன்னால்தான் மூன்று நாள் தாங்குவார்கள்.

மருந்துகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள், லெவோடோபா, மெத்தில்டோபா, ஆஸ்பிரின், ஐசோனியாசிட், இருமல் மருந்து, பாராசிட்டமால் என்று எதுவானாலும் படிவத்தில் இருக்க வேண்டும். ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை நமக்கில்லை. அது மருத்துவரின் முடிவு. மோனோஅமைன் ஆக்சிடேஸைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு முடிவு குறைவாக வரும். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் போதும்.

அடுத்தது 24 மணி நேரக் கணக்கு. பலர் தடுமாறுவது முதல் சிறுநீரில். நான் இப்படிச் சொல்லுவேன்: "அம்மா, காலையில் எழுந்ததும் முதலில் வரும் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிடுங்கள். அந்த நேரத்தைக் கேன் மேல் எழுதுங்கள். அதற்குப் பிறகு பகலிலும் இரவிலும் போவதெல்லாம் கேனுக்குள். மறுநாள் அதே நேரத்துக்கு எழுந்து போகும் முதல் சிறுநீரையும் கேனில் ஊற்றிவிட்டால் முடிந்தது." சொல்லி முடித்ததும் அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டினால் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேனுக்குள் அமிலம் இருக்கும். 5-எச்.ஐ.ஏ.ஏ. காரத்தன்மையுள்ள சிறுநீரில் சிதைந்துவிடும், வெளிச்சமும் ஆகாது. அதனால் 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலமோ 50 சதவீத அசிட்டிக் அமிலமோ சுமார் 25 மி.லி. முன்கூட்டியே ஊற்றிக் கொடுப்பது வழக்கம். அசிட்டிக் அமிலமே மேல் என்பது என் கருத்து. வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள், மூடி சரியாக இருக்காது. எந்த அமிலமானாலும் நேராகக் கேனில் சிறுநீர் கழிக்கக் கூடாது, தனிப் பாத்திரத்தில் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும் என்று சொல்லியே ஆக வேண்டும். எச்சரிக்கைச் சீட்டு தமிழில் இருக்கட்டும். கேன் நிறம் கொண்டதாகவும், குளிர்ந்த இடத்தில் வைக்கக் கூடியதாகவும் இருக்கட்டும்.

கேன் வந்ததும்

முதலில் தொடக்க நேரமும் முடிவு நேரமும் எழுதியிருக்கிறதா பாருங்கள். மொத்த அளவை மி.லி. கணக்கில் குறியுங்கள். பி.எச். தாளில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்: 2-க்கும் 4-க்கும் இடையில் இருந்தால் நல்லது. அமிலம் இல்லாமல் வந்து, ஆனால் முழு நேரமும் குளிரில் இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால், உடனே அமிலம் சேர்த்துக்கொண்டு அதைப் பதிவேட்டில் எழுதலாம். வெயிலில் பஸ்ஸில் வந்த, அமிலமில்லாத கேனுக்கு இரக்கம் காட்டாதீர்கள். மறுபடி சேகரிக்கச் சொல்வதே அந்த நோயாளிக்குச் செய்யும் உதவி.

அமிலத்தில் யூரிக் அமிலம் செங்கல் நிறத்தில் அடியில் படியும். பார்த்துப் பயப்பட வேண்டாம். கேனை நன்றாகக் குலுக்கிக் கலந்த பிறகே மாதிரி எடுங்கள். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் எடுத்தால் 24 மணி நேரமும் கலந்த மாதிரி கிடைக்காது.

சிறுநீர் முழுவதும் கேனுக்குள் வந்ததா என்று பார்க்க, தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினினும் கூடவே அளந்துகொள்ளுங்கள். ஆணுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 15 முதல் 25 மி.கி., பெண்ணுக்கு 10 முதல் 20 மி.கி. ஒரு நாளில் வெளியேறும். தசை குறைந்த முதியவரிடம் இது இன்னும் குறையும். 60 கிலோ எடையுள்ள, நல்ல உடற்கட்டுள்ள ஆணின் கேனில் மொத்தமே 400 மி.கி. கிரியேட்டினின் இருந்தால், பாதி நாள் சிறுநீர் வேறெங்கோ போயிருக்கிறது. அந்தக் கேனில் 5-எச்.ஐ.ஏ.ஏ. இயல்பாக இருக்கிறது என்று எழுதுவது ஆபத்து.

ஏன் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்

1950-களில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் சிட்னி உடன்ஃபிரெண்ட் குழுவினர் கொண்டுவந்த முறையில் நைட்ரோசோ நாஃப்தால் சேர்த்தால் ஊதா நிறம் வரும், அந்த நிறத்தின் அடர்த்தியை அளப்பார்கள். பல பத்தாண்டுகள் அதுதான் வழி. ஆனால் இருமல் மருந்துகளில் இருக்கும் குவாய்ஃபெனெசின் உடலில் மாறிவரும் பொருள்களும் அதேபோல நிறம் கொடுக்கும். கட்டியே இல்லாதவருக்குக் கட்டி என்ற சந்தேகம் வந்துவிடும். குளோர்புரோமசீன் போன்ற மருந்துகள் நிறத்தைக் குறைத்து எதிர்த்திசையில் ஏமாற்றும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறின் நிறையையும், அது உடைந்து வரும் துண்டின் நிறையையும் பார்ப்பதால் இந்தக் குறுக்கீடுகள் விலகிவிடுகின்றன. வாழைப்பழம் மட்டும் விலகவில்லை, ஏனென்றால் அது குறுக்கீடே அல்ல. அதிலிருந்து வருவதும் உண்மையான 5-எச்.ஐ.ஏ.ஏ.

கரைசல்கள்

5-எச்.ஐ.ஏ.ஏ.-வின் மூலக் கரைசலை மெத்தனாலில் தயாரித்து, சிறு சிறு பங்குகளாகப் பழுப்புக் கண்ணாடிக் குப்பிகளில் மைனஸ் 70 டிகிரியில் வையுங்கள். ஒரு குப்பியை எடுத்தால் அன்றே பயன்படுத்துங்கள், மீதத்தைத் திரும்ப உறையவைக்க வேண்டாம். கரைசல் நிறம் மாறியிருந்தால் கேள்வியே இல்லை, கொட்டிவிடுங்கள்.

கேலிப்ரேட்டர்களுக்கு (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்களுக்கு) மனிதச் சிறுநீரை அடிப்படையாக வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு: எல்லார் சிறுநீரிலும் 5-எச்.ஐ.ஏ.ஏ. இருக்கிறது. ஆகவே செயற்கைச் சிறுநீரில் லிட்டருக்கு 0.5 முதல் 50 மி.கி. வரை ஆறேழு புள்ளிகளாகத் தயாரிப்பார்கள். செயற்கையில் வரும் கோடும் உண்மைச் சிறுநீரில் வரும் கோடும் ஒரே சாய்வில் இருக்கின்றனவா என்று, நோயாளிகளின் சிறுநீரில் தெரிந்த அளவு சேர்த்து, முறையை நிறுவும்போதே பார்த்துவிட வேண்டும்.

இன்டர்னல் ஸ்டாண்டர்ட் என்பது, ஒவ்வொரு மாதிரியிலும் ஒரே அளவில் நாம் சேர்க்கும், டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய 5-எச்.ஐ.ஏ.ஏ. நாம் அளக்கும் பொருளோடு ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே நிறுத்தத்தில் இறங்கும் துணை அது. வழியில் என்ன இழப்பு நேர்ந்தாலும் இரண்டுக்கும் ஒரே விகிதத்தில் நேரும். விகிதத்தைப் பார்ப்பதால் விடை மாறுவதில்லை. இரண்டு டியூட்டீரியம் உள்ளதும் ஐந்து உள்ளதும் விற்பனைக்கு உண்டு. ஐந்தையே வாங்குங்கள். காரணம் இது: சாதாரண 5-எச்.ஐ.ஏ.ஏ.-விலேயே இயற்கையாகக் கனமான கார்பனும் ஆக்சிஜனும் கலந்திருப்பதால், அதில் நூற்றுக்கு ஒன்று அளவுக்கு இரண்டு அலகு கூடுதல் நிறையோடு தோன்றும். நோயாளியின் அளவு மிக அதிகமாக இருந்தால் அந்த ஒரு சதவீதமே, இரண்டு டியூட்டீரிய ஸ்டாண்டர்டின் இடத்தில் போய் உட்கார்ந்து அதன் உயரத்தைக் கூட்டும். ஸ்டாண்டர்ட் உயர்ந்தால் விகிதம் குறையும், நோயாளியின் முடிவும் குறைந்து வரும். மிகவும் முற்றிய நோயாளியிடம்தான் இந்தப் பிழை பெரிதாகும்.

டியூட்டீரியம் அமிலக் கரைசலில் நாளடைவில் சாதாரண ஹைட்ரஜனோடு இடம் மாறவும் கூடும். ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டர்ட் மட்டும் உள்ள ஒரு மாதிரியை ஓட்டி, 5-எச்.ஐ.ஏ.ஏ. இருக்கும் இடத்தில் சிகரம் (வரைபடத்தில் மேலெழும் கூர்முனை) எழுகிறதா பாருங்கள். எழத் தொடங்கினால் புதிய கரைசல் போடும் நேரம் வந்துவிட்டது.

மாதிரித் தயாரிப்பும் ஓட்டமும்

இந்தப் பகுதி எளிது. சிறுநீரில் 5-எச்.ஐ.ஏ.ஏ. போதிய அளவில் இருப்பதால் பிரித்தெடுக்கும் வேலை வேண்டாம், நீர்த்து ஓட்டினால் போதும். 50 மைக்ரோலிட்டர் சிறுநீரை, இன்டர்னல் ஸ்டாண்டர்ட் கலந்த 0.1 சதவீத ஃபார்மிக் அமில நீர் 950 மைக்ரோலிட்டரில் சேருங்கள். வோர்டெக்ஸில் கலக்குங்கள். சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம். தெளிந்த மேல்பகுதியை ஆட்டோசாம்ப்ளர் குப்பிக்கு மாற்றுங்கள், அடியைத் தொடாதீர்கள். கேலிப்ரேட்டர், கன்ட்ரோல் (அளவு தெரிந்த சரிபார்ப்பு மாதிரி), நோயாளி மாதிரி மூன்றுக்கும் ஒரே பிப்பெட், ஒரே கை, ஒரே வரிசை.

பிரிப்புக்குழாயாக 50 அல்லது 100 மி.மீ. நீளமுள்ள சி18 வகை போதும். நகரும் கரைசல்கள் இரண்டு: ஃபார்மிக் அமிலம் கலந்த நீர், ஃபார்மிக் அமிலம் கலந்த மெத்தனால். மெத்தனால் குறைவாக, சுமார் 5 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். வேகமாக முடிக்க ஆசைப்பட்டு மெத்தனாலைத் தொடக்கத்திலேயே ஏற்றினால், 5-எச்.ஐ.ஏ.ஏ. சிறுநீரின் உப்புகளோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும். உப்பும் யூரியாவும் அயனியாக்கத்தை அமுக்கும். முதல் ஒரு நிமிடத்தில் வருவதை வால்வைத் திருப்பிக் கழிவுக்கு அனுப்பிவிடுங்கள். இயந்திரத்தின் முகப்பு சுத்தமாக இருக்கும், அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டியிருக்காது.

5-எச்.ஐ.ஏ.ஏ.-வின் மூலக்கூறு நிறை 191. நேர் அயனி முறையில் ஒரு புரோட்டான் ஏறி 192 ஆகிறது. மோதல் அறையில் உடையும்போது 46 அலகு இழந்து 146 ஆகிறது. அளப்பதற்கு 192-லிருந்து 146, உறுதிசெய்வதற்கு 192-லிருந்து 118. ஐந்து டியூட்டீரிய ஸ்டாண்டர்ட் 197-இல் தொடங்கும், அதன் துண்டைப் பொதுவாக 151-இல் தேடலாம். மோதல் ஆற்றலை வேறொருவரின் குறிப்பேட்டிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். தூய கரைசலை நேராகச் செலுத்தி உங்கள் இயந்திரத்திலேயே கண்டுபிடியுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: வெற்று மாதிரி, ஸ்டாண்டர்ட் மட்டும், கேலிப்ரேட்டர்கள் ஏறுவரிசையில், மறுபடி வெற்று, கன்ட்ரோல் இரண்டு மட்டங்கள், நோயாளிகள், கடைசியில் மறுபடி கன்ட்ரோல். மிக உயர்ந்த கேலிப்ரேட்டருக்குப் பின் வரும் வெற்று மாதிரியைக் கவனித்துப் பாருங்கள். அங்கே சிகரம் தெரிந்தால் ஊசி முந்தைய மாதிரியைச் சுமந்து வருகிறது. கட்டியுள்ள நோயாளிக்கு அடுத்த குப்பியில் இருக்கும் அப்பாவிக்கு அது போய்ச் சேரும்.

சிகரத்தைப் படிப்பது

மென்பொருள் தானாகக் கோடு போட்டு எண் தந்துவிடும். அந்த எண்ணை நம்புவதற்கு முன் ஒவ்வொரு சிகரத்தையும் கண்ணால் பாருங்கள். அடிக்கோடு சரியாக விழுந்திருக்கிறதா? வரும் நேரம் ஸ்டாண்டர்டோடு ஒத்துப்போகிறதா? டியூட்டீரியம் ஏறியது இம்மியளவு முன்னால் வருவது இயல்பு. 118-க்கும் 146-க்கும் உள்ள விகிதம் கேலிப்ரேட்டர்களின் சராசரியிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகினால், அடியில் வேறொரு பொருள் ஒளிந்திருக்கிறது. பிரிப்பை நீட்டி மறுபடி ஓட்டாமல் வெளியிடாதீர்கள்.

ஸ்டாண்டர்ட் சிகரத்தின் பரப்பளவைத் தனியாக ஒரு வரைபடமாகப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரே ஒரு நோயாளியில் மட்டும் அது பாதியாகச் சரிந்திருந்தால், அந்தச் சிறுநீர் அயனியாக்கத்தை அமுக்குகிறது அல்லது பிப்பெட் தவறியிருக்கிறது. கூடுதலாக நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். வரிசை முழுக்கப் படிப்படியாகக் குறைந்துகொண்டே போனால் பழுது மாதிரியில் இல்லை, இயந்திரத்தின் முகப்பு அழுக்கேறிவிட்டது.

கேலிப்ரேஷன் கோட்டுக்கு, கீழ்ப்புள்ளிகளுக்கு அதிக மதிப்புத் தரும் எடையிடலைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் 50 மி.கி. புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிடும். ஒவ்வொரு கேலிப்ரேட்டரையும் திருப்பிக் கணக்கிட்டால் 15 சதவீதத்துக்குள், மிகக் கீழ்ப்புள்ளி 20 சதவீதத்துக்குள் வர வேண்டும்.

கணக்கும் ரிப்போர்ட்டும்

லிட்டருக்கு 2.8 மி.கி., மொத்தச் சிறுநீர் 1,650 மி.லி. என்றால், 2.8 பெருக்கல் 1.65, அதாவது 24 மணி நேரத்துக்கு 4.6 மி.கி. மைக்ரோமோலில் வேண்டுமானால் 5.23-ஆல் பெருக்குங்கள்: 24. இன்னொருவரின் மாதிரி கோட்டின் உச்சத்தைத் தாண்டியதால் பத்து மடங்கு நீர்த்து ஓட்டினீர்கள், 9.4 வந்தது. உண்மை அளவு 94. சிறுநீர் 1.4 லிட்டர். ஆக 131.6 மி.கி., சுமார் 688 மைக்ரோமோல். நீர்த்த மடங்கை மென்பொருளிலும் போட்டு, கையாலும் பெருக்கினால் பத்து மடங்கு தவறு நேரும். மடங்கை ஒரே இடத்தில் மட்டும் பெருக்குவது என்று உங்கள் ஆய்வகத்தில் எழுதி வையுங்கள். உயர்ந்த முடிவுகளை இரண்டாவது ஆள் சரிபார்க்கட்டும்.

ரிப்போர்ட்டில் மொத்த அளவு, சேகரித்த நேரம், கிரியேட்டினின், அளவிட்ட முறை எல்லாம் இருக்கட்டும். எல்லைக்குச் சற்று மேலே, 9, 10 மி.கி. என்று வந்தால், தொலைபேசியில் அழைத்து என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். பெரும்பாலும் உணவில்தான் விடை இருக்கும், கட்டுப்பாட்டோடு மறுபடி சேகரித்தால் தெளிந்துவிடும். 24 மணி நேரத்துக்கு 300 மைக்ரோமோலைத் தாண்டும் அளவுகள் இதய வால்வுப் பாதிப்போடு தொடர்புடையவை என்பதால், அத்தகைய முடிவை மருத்துவரிடம் நேரில் சொல்லிவிடுவது நல்லது. இயல்பான முடிவு கட்டி இல்லை என்று உறுதி கூறாது. நுரையீரல், இரைப்பைப் பகுதிக் கட்டிகள் சிலவற்றில் செரோடோனினைத் தயாரிக்கும் கடைசி நொதி குறைவு. மலக்குடல் கட்டிகள் பெரும்பாலும் செரோடோனினே சுரப்பதில்லை. ஆக்ட்ரியோடைடு, டெலோட்ரிஸ்டாட் போன்ற சிகிச்சையில் இருப்பவருக்கு எண் இறங்கும். டெலோட்ரிஸ்டாட்டின் வேலையே செரோடோனின் தயாரிப்பை நொதி மட்டத்தில் தடுப்பதுதான் என்பதால், எண் பாதியானால் கட்டியும் பாதியானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. தொடர் கண்காணிப்பில் இருப்பவரின் பழைய எண்கள் வேறு முறையில் அளந்தவையாக இருந்தால், அதை ரிப்போர்ட்டிலேயே ஒரு வரி எழுதுங்கள்.

வேலை முடிந்து இயந்திரத்தை மூடுமுன் பிரிப்புக்குழாயில் மெத்தனால் அதிகமுள்ள கரைசலைச் சிறிது நேரம் ஓட விடுங்கள். மீதமுள்ள மாதிரிகளை மருத்துவர் கேள்வி கேட்கும் காலம்வரை உறையவையுங்கள். அதன்பின் கொட்டும்போது ஒன்றில் கவனம் தேவை: மற்றச் சிறுநீர் மாதிரிகளுக்குச் செய்வதுபோல இவற்றில் ஹைப்போகுளோரைட் ஊற்றாதீர்கள். கேனில் இருப்பது அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சடைக்கும். முதலில் சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுரை அடங்கிய பிறகு பி.எச். தாளில் பார்த்து, அமிலம் தணிந்தது உறுதியான பின்பே உங்கள் ஆய்வகத்தின் கழிவு விதிப்படி அப்புறப்படுத்துங்கள்.